மாயக் கதை படிப்பது வீணா?



தோட்டத்து வீடுகளில் நாம் பலமுறை கேட்ட பேச்சு ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை, பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு கதைப் புத்தகத்தோடு அஞ்சடியில் உட்காரும். மந்திரவாதி, பேசும் பறவை, மாயத் தீவு என்று அந்தக் கதை ஓடும். உடனே அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "மாயம் மந்திரம்னு என்னத்தப் படிக்கிறே? இது நாளைக்குச் சோறு போடுமா?"

அந்தக் குரலில் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுமுன் மரம் வெட்டி, பால் சுமந்து வரும் தாய்க்குத் தன் பிள்ளையின் ஒவ்வொரு நாழிகையும் கணக்குத்தான். பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்ற கவலையே அந்தக் கேள்வியாக வெளிப்படுகிறது.

ஆனால் இந்தக் கேள்வியை நம் தாய்மார்கள் மட்டும் கேட்கவில்லை. பணத்துக்கும் வசதிக்கும் குறைவில்லாத அமெரிக்காவிலும் பெரியவர்கள் இதையே கேட்டார்கள். அங்கே ஒரு பெண் நாவலாசிரியர், "அமெரிக்கர்கள் டிராகனைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள்?" என்று தலைப்பிட்டு 1974ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையே எழுதினார். டிராகன் என்றால், சீனப் பெருநாளில் துணியால் செய்து ஆட்டிக் காட்டுவார்களே, அந்தக் கடல்நாகத்தின் இனம். மேல்நாட்டுக் கதைகளில் அதற்கு இறக்கையும் உண்டு, வாயில் நெருப்பும் உண்டு. பயன் இல்லாத எதையும் படிக்கக் கூடாது என்று எண்ணும் பெரியவர்கள் இத்தகைய கதைகளை ஒதுக்குகிறார்கள் என்று அவர் எடுத்துக் காட்டினார். மாயக் கதை நடந்த செய்தி அல்ல; ஆனாலும் அதில் உண்மை இருக்கிறது என்பது அவருடைய வாதம்.

அந்த எழுத்தாளரின் பெயர் உர்சுலா லெ குவின். அவர் தம் கதைகளை எப்படிப் படிப்படியாக எழுதினார், அவற்றைப் படிக்கும் இளையர்களுக்கு என்ன கிடைக்கிறது என்ற இரண்டையும் இன்று பார்ப்போம். பார்த்த பிறகு, அம்மாவின் கேள்விக்கு நாமே பதில் சொல்லிக் கொள்ளலாம்.

லெ குவின் 1929ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தை ஆல்ஃபிரட் குரோபர், மனித இனங்களின் வாழ்க்கை முறைகளை ஆராய்ந்த புகழ்பெற்ற அறிஞர். தாய் தியோடோராவும் பின்னாளில் எழுத்தாளரானார். வீடு நிறையப் புத்தகங்கள். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவருக்கு எழுத்து எளிதாக வந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு.

1951ஆம் ஆண்டிலிருந்து 1961ஆம் ஆண்டு வரை, பத்து ஆண்டுகளில், அவர் ஐந்து நாவல்கள் எழுதினார். ஐந்தும் அச்சேறவில்லை. ஆர்சினியா என்று ஒரு நாட்டைக் கற்பனையாகப் படைத்து, அதை ஐரோப்பாவின் நடுவில் வைத்து எழுதிய கதைகள் அவை. வாசகர்களுக்கு எட்டாத கதைகள் என்று சொல்லிப் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாவல் திரும்பி வந்தால் மனம் எப்படிச் சோர்ந்து போகும்! ஐந்து நாவல் திரும்பி வந்தால்?

நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. ரப்பர்க் கன்றை நட்ட மறுநாளே யாரும் மங்கைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஆறேழு ஆண்டுகள் காத்திருக்கிறோம். அதுவரை களை எடுக்கிறோம், உரம் போடுகிறோம், பால் வருமா வராதா என்று மரத்தைத் திட்டுவதில்லை. லெ குவினும் அப்படித்தான் இருந்தார். எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. அந்தக் கற்பனை நாட்டைப் பற்றிய நாவலைக்கூட அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. "மலஃப்ரேனா" என்ற பெயரில் 1979ஆம் ஆண்டில் அது புத்தகமாக வந்தது.

இதற்கிடையில் அவருக்குத் திருமணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். கணவர் சார்லஸ் வரலாற்றுப் பேராசிரியர். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் குடும்பம் நடத்தினார்கள். பகலெல்லாம் பிள்ளைகளுக்குச் சமைப்பதும் துவைப்பதும் பார்ப்பதுமாகப் போகும். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் மேசையில் உட்கார்ந்து எழுதுவார். கணவர் வீட்டுப் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டதால்தான் தம்மால் எழுத முடிந்தது என்று அவர் பல இடங்களில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். வீட்டிலுள்ள ஆண்கள் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

1961ஆம் ஆண்டில் முதல் சிறுகதை அச்சானது. முதல் நாவல் 1966ஆம் ஆண்டில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

அடுத்த ஆண்டில் ஒரு திருப்பம் வந்தது. பெர்க்லி நகரில் சிறுவர் நூல்களை வெளியிட்ட ஒரு பதிப்பாளர், பதினொன்றிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதித் தரும்படி கேட்டார். அந்த வயதினருக்கு அவர் அதுவரை எழுதியதில்லை. முதலில் தயங்கினார். பிறகு யோசித்துப் பார்த்தார்.

எப்படி யோசித்தார் தெரியுமா? கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் கிழவர்களாக இருக்கிறார்கள். வெள்ளைத் தாடியும் நீண்ட கோலுமாக வருகிறார்கள். ஆனால் அவர்கள் பிறக்கும்போதே தாடியோடு பிறந்திருக்க முடியாதே! அவர்களும் ஒரு காலத்தில் ஒன்றும் தெரியாத பையன்களாக இருந்திருக்க வேண்டும். அப்படியானால் வித்தையை எங்கே கற்றார்கள்? யாரிடம் கற்றார்கள்? கற்கும்போது என்னென்ன தவறு செய்தார்கள்? இந்தச் சின்னக் கேள்விதான் நாவலின் விதை.

விதைக்கு நிலமும் ஏற்கெனவே தயாராக இருந்தது. 1964ஆம் ஆண்டில் அவர் எழுதிய இரண்டு சிறுகதைகளில் தீவுகளும் மந்திரவாதிகளும் வந்திருந்தார்கள். இப்போது அவர் ஒரு பெரிய தாளை எடுத்து முதலில் வரைபடம் வரைந்தார். கடலில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான தீவுகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். அந்த உலகத்துக்கு எர்த்சீ என்று பெயரிட்டார். மண், கடல் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்த பெயர் அது. 1968ஆம் ஆண்டில் "எர்த்சீயின் மந்திரவாதி" என்று பொருள்படும் பெயரோடு நாவல் வெளிவந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கோண்ட் என்ற மலைத்தீவில் ஓர் ஏழைச் சிற்றூர். அங்கே வெண்கலக் கொல்லர் ஒருவரின் மகன் ஆடு மேய்க்கிறான். தாய் இல்லாத பிள்ளை. அவனுடைய சித்தி ஆடுகளை அழைக்க ஒரு மந்திரச் சொல் சொல்வதைக் கேட்டு, தானும் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகளெல்லாம் ஓடி வந்து அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. அன்று தெரிகிறது, அவனிடம் ஏதோ ஆற்றல் இருக்கிறது என்று. பதின்மூன்றாம் வயதில் ஓகியன் என்ற குரு அவனுக்கு கெட் என்ற உண்மைப் பெயரைச் சூட்டுகிறார்.

அந்த உலகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அந்தப் பெயரை அறிந்தவனுக்கே அந்தப் பொருளின் மேல் அதிகாரம். ஆகவே, தன் உண்மைப் பெயரை யாரும் வெளியே சொல்வதில்லை. உயிர் நண்பனிடம் மட்டுமே சொல்வார்கள்.

குரு ஓகியன் பெரிய மந்திரவாதி. ஆனாலும் மழை வந்தால் அதை விரட்டமாட்டார். மரத்தடியில் ஒதுங்கி நனைந்துகொண்டே படுப்பார். இங்கே மழையை மாற்றினால் வேறெங்கோ வறட்சி வரலாம் என்பது அந்த உலகத்தின் நியதி. மழை பெய்தால் பால் வெட்டு நின்று கூலி குறையும் என்று வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கு, ஓகியனின் பொறுமை வியப்பாகத்தான் இருக்கும். கெட்டுக்கும் அப்படித்தான் இருந்தது. இவரிடம் இருந்தால் எப்போது வித்தை கற்பது என்று பொறுமை இழந்து, ரோக் என்ற தீவிலுள்ள மந்திரப் பள்ளிக்குப் போகிறான்.

அந்தப் பள்ளியிலும் குறுக்கு வழி கிடையாது. தனிக் கோபுரம் ஒன்றில் ஓர் ஆசிரியர் பெயர்ப் பட்டியல்களை எழுதித் தருகிறார். நள்ளிரவில் மை மறைந்துவிடும். அதற்குள் மாணவன் அத்தனை பெயர்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். மறுநாள் புதுப் பட்டியல். மந்திரவாதி ஆவதற்கும் வீட்டுப்பாடம் உண்டு என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்!

கெட் கெட்டிக்காரன். ஆனால் கர்வம் பிடித்தவன். வசதியான குடும்பத்து மாணவன் ஒருவன் அவனை ஆட்டுக்காரன் என்று இளக்காரம் செய்கிறான். ரோஷம் பொறுக்காமல், செய்யக் கூடாத மந்திரத்தைச் செய்து, இறந்தவளின் ஆவியை அழைக்கிறான் கெட். அந்தப் பிளவின் வழியாக ஒரு கறுத்த நிழல் வெளியே பாய்ந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அதை அடக்க முயன்ற தலைமைக் குரு உயிர் இழக்கிறார். நிழலோ தப்பிவிடுகிறது.

அதன்பிறகு அந்த நிழல் அவனைத் தீவு தீவாக விரட்டுகிறது. ஓடுகிறான், ஒளிகிறான், பலன் இல்லை. கடைசியில் பழைய குருவிடமே திரும்பி வருகிறான். "ஓடாதே, திரும்பி நின்று நீயே அதைத் துரத்து" என்ற கருத்தில் குரு அறிவுரை சொல்கிறார். கெட் திரும்புகிறான். இப்போது நிழல் ஓடுகிறது. நடுக்கடலில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது, கெட் அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறான். அது என்ன பெயர்? அவனுடைய பெயரேதான். அந்த நிழல் வேறு யாருமல்ல, அவனேதான். தன் கர்வத்தையும் பயத்தையும் தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட அந்த நொடியில் அவன் முழு மனிதனாகிறான்.

நேயர்களே, பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தேவையான பாடம் எது? சிறு வயதில் நாமும் தவறு செய்திருக்கிறோம். அதை மறைக்க ஒரு பொய், பொய்யை மறைக்க இன்னொரு பொய் என்று ஓடியிருக்கிறோம். "தவறு செய்தால் ஒப்புக்கொள்" என்று நூறு முறை சொன்னாலும் பிள்ளையின் மனத்தில் ஒட்டாது. நிழலுக்குப் பயந்து கடலில் ஓடிய கெட்டோடு சேர்ந்து ஓடிய பிள்ளைக்கு அது தானாகவே ஒட்டும். மாயக் கதையில் உண்மை இருக்கிறது என்று லெ குவின் சொன்னதன் பொருள் இதுதான்.

இன்னொரு செய்தியும் நம் பிள்ளைகளுக்கு முக்கியமானது. கெட்டின் நிறம் செம்பு கலந்த பழுப்பு. அவனுடைய உயிர் நண்பன் கறுப்பு. எர்த்சீயின் பெரும்பாலான மக்கள் மாநிறத்தவர், கறுத்தவர். வெள்ளை நிறத்தவர்கள் கொள்ளையடிக்கக் கப்பலில் வருகிறவர்களாக முதலில் அறிமுகமாகிறார்கள். 1968ஆம் ஆண்டில் இப்படி எழுதியது சாதாரணம் அல்ல. அந்தக் காலத்து மேல்நாட்டு மாயக் கதைகளில் வீரன் என்றாலே வெள்ளைக்காரன்தான். லெ குவின் இதை முதல் பக்கத்திலேயே பறையடித்துச் சொல்லவில்லை. வாசகன் கெட்டோடு ஒன்றிப் போன பிறகு, போகிற போக்கில் நிறத்தைச் சொன்னார். ஆனாலும் பல பதிப்புகளின் அட்டைப் படங்களில் கெட்டை வெளுப்பாகவே வரைந்தார்கள். 2004ஆம் ஆண்டில் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகரையே போட்டார்கள். அப்போது எழுபத்தைந்து வயதிலிருந்த லெ குவின், வாய் மூடி இருக்காமல் தம் எதிர்ப்பை எழுதி வெளியிட்டார். கறுத்த பிள்ளையும் கதைத் தலைவனாகலாம், ஆடு மேய்த்தவனும் அறிஞனாகலாம் என்று ஒரு புத்தகம் சொன்னால், அதைத் தோட்டத்துப் பிள்ளை படிக்க வேண்டாமா?

எழுத்தின் வளர்ச்சிக்கு மறுபடியும் வருவோம். எர்த்சீயின் இரண்டாம் நூல் 1971ஆம் ஆண்டிலும், மூன்றாம் நூல் 1972ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இரண்டாம் நூல் டெனார் என்ற பெண்ணின் கதை. ஐந்து வயதில் அவளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, பெயரையும் பறித்து, இருட்டுக் கோயில் ஒன்றுக்குப் பூசாரியாக்கி விடுகிறார்கள். அங்கே வந்து சிக்கிக்கொண்ட கெட் அவளுடைய பெயரை அவளுக்குத் திருப்பித் தருகிறான். மூன்றாம் நூலுக்கு 1973ஆம் ஆண்டில் சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்கத் தேசிய நூல் விருது கிடைத்தது.

அந்தப் புகழோடு நான்காம் நூலையும் உடனே எழுதிவிடலாம் என்றுதான் அவரும் முயன்றார். கதை நகரவில்லை. டெனார் என்ன ஆனாள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. வலுக்கட்டாயமாக எழுதித் தள்ளாமல் எடுத்து வைத்துவிட்டார். அது முடிந்து வெளிவந்த ஆண்டு 1990. இடையில் பதினெட்டு ஆண்டுகள்! "டெஹானு" என்ற அந்த நூலில் டெனார் கணவனை இழந்த, நடுத்தர வயதுக் குடியானவப் பெண். சொந்தக்காரர்களே தீயில் தள்ளிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். முன்பு எழுதிய நூல்களில் ஆண்களின் வித்தையையே பெரிதாகக் காட்டிவிட்டோம், ஆடு மாடு மேய்த்து, அடுப்பெரித்து, பிள்ளை வளர்க்கும் பெண்ணின் வலிமையைக் காட்டவில்லையே என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. தம் குறையைத் தாமே கண்டு திருத்திக்கொண்டார். கெட் தன் நிழலை எதிர்கொண்டது போலத்தான் இதுவும்.

வயது எழுபதைக் கடந்தும் அவர் இளையர்களுக்கு எழுதினார். 2004, 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று மாய நாவல்கள் வந்தன. "கொடைகள்", "குரல்கள்", "ஆற்றல்கள்" என்று அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்லலாம். முதல் நூலில், பார்வையாலேயே எதையும் அழித்துவிடும் ஆற்றல் உள்ளவன் என்று அஞ்சி ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி வைக்கிறார்கள். அவனுடைய தாய் தனக்குத் தெரிந்த கதைகளையெல்லாம் தன் கையாலேயே எழுதி அவனுக்குப் புத்தகங்கள் செய்து வைக்கிறாள். தாய் இறந்த பிறகு அவன் கண்கட்டை அவிழ்த்து அவற்றைப் படிக்கிறான். அழிப்பது அல்ல, கவிதை சொல்வதே தன் கொடை என்று பிறகு உணர்கிறான். இரண்டாம் நூலில், புத்தகங்களைத் தடை செய்துவிட்ட ஊரில் ஒளித்து வைத்த நூலகம் ஒன்றை ஒரு பெண் காக்கிறாள். மூன்றாம் நூல், தப்பிப் போகும் ஓர் அடிமைச் சிறுவனின் கதை. மூன்றிலும் எழுத்தறிவே பெரிய மந்திரம்.

தமக்குப் பிடித்த நாள் எப்படி இருக்கும் என்று ஒரு பேட்டியில் அவர் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு விழித்து, படுத்தபடியே கதையைப் பற்றிச் சிந்திப்பார். ஏழே காலுக்கு எழுத உட்கார்ந்தால் நண்பகல் வரை எழுத்து. பிற்பகலில் படிப்பு, இசை, பிறகு கடிதங்கள், வீட்டு வேலை. மாலையில் சமையலும் சாப்பாடும். இரவு எட்டு மணிக்கு மேல் தம் மூளை வேலை செய்யாது என்று வேடிக்கையாகவும் சொன்னார். ஐந்தரை மணி நமக்குப் பழக்கமான நேரந்தான். எழுத்தும் ஒரு தினக்கூலி வேலையைப் போன்றதே. வந்து நின்றால்தான் பேர் பதிவாகும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

லெ குவின் 2018ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் தம் எண்பத்தெட்டாம் வயதில் காலமானார். கெட்டின் கடைசி நாளைச் சொல்லும் சிறுகதை அவர் மறைந்த பிறகு அதே ஆண்டில் அச்சானது. 1964ஆம் ஆண்டில் விழுந்த விதை ஐம்பத்து நான்கு ஆண்டுகள் வளர்ந்தது.

பெற்றோருக்கு இரண்டு யோசனைகள் சொல்லி முடிக்கிறோம். எல்லா மாயக் கதையும் நல்ல கதை அல்ல. நல்லதைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. பிள்ளையைக் கூப்பிட்டு, "இந்தக் கதையில் மந்திரத்துக்கு விலை உண்டா? தவறு செய்தவன் அதற்குப் பதில் சொன்னானா?" என்று கேளுங்கள். விலை இல்லாமல் எல்லாம் கிடைக்கிற கதை பொழுதைப் போக்கும், அவ்வளவுதான். விலை கொடுக்கும் கதை புத்தியைக் கொடுக்கும். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். விக்கிரமாதித்தன் கதையும் மதன காமராஜன் கதையும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்!

இரண்டாவது, உங்கள் மகனோ மகளோ பள்ளி நோட்டின் கடைசிப் பக்கங்களில் கதை கிறுக்கி வைத்திருந்தால், கிழித்துப் போடாதீர்கள். ஒரு பழைய நோட்டை அதற்கென்றே கொடுங்கள். பாடம் முடிந்ததும் தினம் ஒரு பக்கம் எழுதட்டும். வீட்டு வேலை எல்லாவற்றையும் பெண்பிள்ளையின் தலையில் மட்டும் கட்டாமல், அவளுக்கும் அந்த ஒரு பக்கத்துக்கு நேரம் விடுங்கள். முதல் கதை நன்றாக இராது. ஐந்தாவது கதையும் நன்றாக இல்லாமல் போகலாம். காத்திருக்க நமக்குத் தெரியும்.

கதை சோறு போடுமா என்ற கேள்விக்கு நம் பதில் இதுதான்: இன்றைக்குப் போடாது. ஆனால் நாளைக்குத் தன் காலில் நின்று சோறு தேடப் போகிற பிள்ளை, தன் நிழலைக் கண்டு ஓடாமல் நிற்க அது கற்றுக்கொடுக்கும்.